கணக்கில் வராத தாமிரம்: வினையூக்கிக்குள் இருக்கும் உலோக அயனிகளைக் காந்த ஒத்ததிர்வு காட்டும் விதம்

டீசல் லாரி ஒன்றின் அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும் உருளைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதன் நுண்குழாய்களின் உட்சுவரில் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும் வினையூக்கிதான் எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 வாகனப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசலோடு 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலையும் தனித் தொட்டியில் நிரப்புவது லாரி ஓட்டுநர்களுக்குப் பழகிப்போன வேலையாகிவிட்டது. புகையின் சூட்டில் அந்த யூரியா சிதைந்து அம்மோனியா தருகிறது. நான்கு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து நான்கு நைட்ரஜன் மூலக்கூறுகளாகவும் ஆறு நீர் மூலக்கூறுகளாகவும் மாறுவதே அங்கே நிகழும் வினை. இப்பணிக்கு வனேடியம் ஆக்சைடு வினையூக்கிகளும் உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது, தாமிர அயனி ஏற்றப்பட்ட எஸ்.எஸ்.இசட்-13 என்னும் சியோலைட்டை.

செவ்ரான் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டேசி சோன்ஸ் உருவாக்கி, 1985-இல் காப்புரிமை பெற்ற சியோலைட் இது. இயற்கையில் கிடைக்கும் சாபசைட் கனிமத்தின் கூடமைப்பே இதற்கும்: சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனால் பிணைக்கப்பட்ட சட்டகம், அதற்குள் சிறு அறைகள், அறைக்கும் அறைக்கும் இடையே சுமார் 0.38 நானோமீட்டர் அகலமுள்ள வாசல்கள். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் அமரும்போதெல்லாம் சட்டகத்துக்கு ஓர் எதிர்மின்சுமை கூடுகிறது. அதை ஈடுசெய்ய உள்ளே இருத்தப்படும் நேர்மின் அயனிகளாகவே தாமிரம் அங்கு வந்து சேர்கிறது. மொத்த எடையில் அது சில விழுக்காடுதான். ஆனால் வினையை நடத்துவது அந்தச் சில விழுக்காடே.

ஒரு கிராம் வினையூக்கியில் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்பதை அமிலத்தில் கரைத்து வேதிப் பகுப்பாய்வு செய்தால் அறிந்துவிடலாம். அந்தத் தாமிரம் எந்த அறையில், எத்தனை ஆக்சிஜன்களைப் பற்றிக்கொண்டு, எந்த மின்சுமை நிலையில், தனித்தா இணையாகவா இருக்கிறது என்பதைக் கரைசல் சொல்லாது, ஏனெனில் கரைக்கும்போதே அந்தச் செய்தி அழிந்துவிடுகிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக்கு அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். தாமிரமோ வாய்ப்புக் கிடைத்த அறைகளில் சிதறிக் கிடப்பது. பொருளைக் கரைக்காமல், ஒழுங்கையும் எதிர்பார்க்காமல், அயனியின் உடனடிச் சுற்றத்தை விசாரிக்கும் கருவி வேண்டும். எலெக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு, அதாவது ஈ.பி.ஆர். நிறமாலையியல், இங்கேதான் பயன்படுகிறது.

இம்முறையை 1944-இல் கசான் நகரில் யெவ்கெனி சவோய்ஸ்கி கண்டறிந்தார். அவர் முதலில் ஆராய்ந்த பொருள்களில் தாமிர உப்பும் ஒன்று என்பது நம் கதைக்குப் பொருத்தமான தற்செயல். அடிப்படை எளிது. இணை சேராத எலெக்ட்ரான் ஒரு சிறு காந்தம். அதை வெளிக் காந்தப்புலத்தில் வைத்தால் இரண்டு ஆற்றல் நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்; புலம் கூடக்கூட இரு நிலைகளுக்கும் இடையிலான இடைவெளியும் கூடும். நுண்ணலையின் அதிர்வெண்ணை நிலையாக வைத்துக்கொண்டு புலத்தை மெல்ல ஏற்றிச் சென்றால், இடைவெளியும் நுண்ணலையின் ஆற்றலும் சமமாகும் புள்ளியில் நுண்ணலை உறிஞ்சப்படும். பெரும்பாலான ஆய்வகங்களில் உள்ள 9.5 கிகாஹெர்ட்ஸ் கருவியில், எதனோடும் சேராத தனி எலெக்ட்ரானுக்கு இப்புள்ளி சுமார் 0.339 டெஸ்லாவில் வரும். புலத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் எண்ணை ஜி மதிப்பு என்பார்கள். தனி எலெக்ட்ரானுக்கு அது 2.0023. உலோக அயனிக்குள் இருக்கும் எலெக்ட்ரானுக்கு அது விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதுதான் படிக்க வேண்டிய முதல் எழுத்து.

இந்த உறிஞ்சல் எவ்வளவு மெலிதானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறை வெப்பநிலையில் 10,000 எலெக்ட்ரான்களை எடுத்துக்கொண்டால், கீழ்நிலையில் இருப்பவை மேல்நிலையில் இருப்பவற்றைவிடச் சுமார் எட்டுத்தான் அதிகம். கருவிக்குச் சமிக்ஞை தருவது அந்த எட்டின் வேறுபாடே. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் எட்டு முப்பதாகும். ஈ.பி.ஆர். ஆய்வகங்களில் திரவ நைட்ரஜன் குடுவை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. அது தாமிரத்தோடு சேர்ந்தே புரியும்.

இரண்டு மின்சுமை கொண்ட தாமிர அயனியில், அதாவது தாமிரம்(2+)-இல், 3டி துணைக்கூட்டில் ஒன்பது எலெக்ட்ரான்கள் உள்ளன. எட்டு எலெக்ட்ரான்கள் நான்கு இணைகளாகிவிட, ஒன்று தனித்து நிற்கிறது. அந்தத் தனி எலெக்ட்ரானே நமக்குத் தகவல் தருவது. தாமிரத்தின் அணுக்கருவும் ஒரு காந்தம்: இயற்கைத் தாமிரத்தில் 69 விழுக்காடாக இருக்கும் ஐசோடோப்பு 63, மிச்சம் 31 விழுக்காடான ஐசோடோப்பு 65 ஆகிய இரண்டுக்கும் தற்சுழற்சி எண் 3/2. அப்படிப்பட்ட அணுக்கரு நான்கு திசைப்போக்குகளை ஏற்கலாம். ஒவ்வொன்றும் எலெக்ட்ரானின் ஒத்ததிர்வுப் புள்ளியைச் சற்றே நகர்த்தும். ஆகவே ஒரே கோடாக இருக்க வேண்டியது நான்காகப் பிளக்கிறது. இந்த மீநுண் பிளவின் அகலத்தை ஏ மதிப்பு என்பார்கள். ஆக, ஒரு தாமிர அயனியின் கையெழுத்து இரண்டு எண்களில் அடங்கும்.

பரிசோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஈரக்காற்றில் வைத்திருந்த வெளிர்நீலத் தூளைச் சில பத்து மில்லிகிராம் எடுத்து, 4 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காந்த முனைகளுக்கு நடுவே உள்ள நுண்ணலைக் குழிவில் இறக்குகிறோம். சாதாரணக் கண்ணாடிக் குழாய் உதவாது. அதில் கலந்துள்ள இரும்பே தன் கோட்டைக் காட்டிவிடும். அறை வெப்பநிலையில் திரையில் வருவது ஜி 2.18 அளவில் ஒரே அகன்ற அலை. நான்கு கோடுகள் தென்படுவதே இல்லை. அதே குழாயைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி மறுபடி ஓட்டினால், 0.28 டெஸ்லாவை நடுவாகக் கொண்டு சுமார் 12 மில்லிடெஸ்லா இடைவெளியில் நான்கு படிகளும், 0.326 டெஸ்லா பக்கத்தில் உயரமான ஒரு சிகரமும் பிரிந்து வருகின்றன. தூளின் வேதியியல் மாறவில்லை. நிகழ்ந்தது இதுதான்: ஈரத்தில் தாமிரம் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டிராமல், ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு அறைக்குள் உருண்டுகொண்டிருந்தது, உருளும் வேகத்தில் திசை வேறுபாடுகள் எல்லாம் சராசரியாகிக் கலந்துபோயின. குளிரில் உருளல் நின்றதும் அச்சுத்திசைக்கு உரிய ஜி மதிப்பு 2.40 அளவிலும், குறுக்குத்திசைக்கு உரியது 2.08 அளவிலும் தனித்தனியே நின்றன. ஒரே தூளின் இரண்டு நிறமாலைகளை அடுத்தடுத்து வைத்தால், அயனி அசைகிறது என்னும் செய்தி எந்தக் கோட்பாட்டு உதவியும் இல்லாமல் கண்ணுக்கே தெரிகிறது. திரவ நைட்ரஜனின் இரண்டாவது பயன் இதுதான்.

ஜி, ஏ மதிப்புகளை வைத்துக்கொண்டு அயனியின் அண்டைவீட்டாரை ஊகிக்க, 1974-இல் பைசக், புளும்பெர்க் இருவரும் தாமிரப் புரதங்களுக்காக வரைந்த படம் ஒன்று இன்றும் கைகொடுக்கிறது. ஓர் அச்சில் ஜி, மறு அச்சில் ஏ; தாமிரத்தைச் சுற்றி ஆக்சிஜன் மட்டும் இருந்தால் புள்ளி ஒரு பகுதியில் விழும், நைட்ரஜன்கள் சேரச்சேர ஜி குறைந்து ஏ கூடும் பக்கம் நகரும். சியோலைட் வழியே அம்மோனியாவைச் செலுத்தும்போது புள்ளி அந்தப் பக்கம் நகர்வதைக் காண முடிகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மொத்த மின்சுமை மாறினாலும் வடிவம் திருகினாலும் புள்ளி நகரும். புரதங்களுக்கு வரைந்த படத்தைக் கனிமத்துக்குப் பயன்படுத்தும் கட்டுரைகளில் இந்த எச்சரிக்கை பல நேரம் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இனி நீரை விரட்டுவோம். ஆக்சிஜன் ஓட்டத்தில் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் தாமிரத்தின் நீர்ப்போர்வை கழன்று, அயனி வேறு வழியின்றிச் சட்டகத்தின் ஆக்சிஜன்களிடமே ஒட்டிக்கொள்கிறது. இப்போது நிறமாலையில் ஒன்றுக்கு இரண்டு கையெழுத்துகள் தெரிகின்றன: ஒன்று ஜி 2.36 அளவில், மற்றது 2.33 அளவில், படி இடைவெளியும் ஈர நிலையைவிட அகன்றுவிடுகிறது. இரண்டும் சட்டகத்தின் ஆறு உறுப்பு வளையத்தில் (சிலிக்கான், அலுமினிய அணுக்கள் ஆறு, ஆக்சிஜன் வழியே கோத்த வளையம்) அமர்ந்த தாமிரமே என்றும், வளையத்திலுள்ள இரண்டு அலுமினியங்கள் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் அமைந்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு என்றும் விளங்கிக்கொள்ளப்படுகிறது. படம் அழகாக இருக்கிறது. சிக்கல், எண்ணிப் பார்க்கும்போது தொடங்குகிறது.

ஈ.பி.ஆர். எண்ணவும் செய்யும் என்பதே அதன் பெரும்பலம். கருவி தருவது உறிஞ்சலின் வகைக்கெழு வடிவம். அதை இருமுறை தொகையிட்டால் கிடைக்கும் பரப்பு, குழாயில் உள்ள தனி எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடையறிந்த தாமிர சல்பேட்டை அளவுகோலாக வைத்து ஒப்பிட்டால் எண்ணிக்கை வந்துவிடும். அடிக்கோடு சற்றுச் சாய்ந்தாலும் இரண்டாவது தொகையிடலில் பிழை பூதாகரமாகும் என்பதால், பத்து விழுக்காட்டுக்குள் சரியாக எண்ணிவிட்டால் அது நல்ல அளவீடு என்றே சொல்வேன். ஈரமான தூளில் இந்த எண்ணிக்கையும் வேதிப் பகுப்பாய்வின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. உலர்த்திய தூளிலோ தாமிரத்தின் கணிசமான பகுதி கணக்கில் காணாமல் போகிறது. தூளிலிருந்து தாமிரம் எதுவும் வெளியேறவில்லை. மீண்டும் நீராவி பட்டால் காணாமற்போன தாமிரம் திரும்பி வருகிறது.

வரவு செலவு சரியாக இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். இடிக்கும் இடத்தில்தான் கணக்கரின் வேலை தொடங்கும். ஈ.பி.ஆர். ஆய்வாளருக்கும் அதே நிலைமை. வந்த கோடுகளை விவரித்துவிட்டு வராத தாமிரத்தைப் பற்றி வாய் திறக்காத ஆய்வை அரைக் கணக்கு என்றே கொள்ள வேண்டும். காணாமல் போவதற்குச் சில வழிகள் உண்டு. தாமிரம் ஓர் எலெக்ட்ரானைப் பெற்றுத் தாமிரம்(1+) ஆகியிருக்கலாம். அப்போது 3டி-யில் பத்தும் நிரம்பித் தனி எலெக்ட்ரானே இல்லை. இரண்டு தாமிரம்(2+) அயனிகள் ஆக்சிஜன் பாலத்தால் இணைந்து, ஒன்றின் காந்தம் மற்றதன் காந்தத்தை எதிர்த்து நின்று ஒன்றையொன்று ரத்து செய்திருக்கலாம். தாமிர ஆக்சைடு துகள்களாகத் திரண்டிருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், எலெக்ட்ரான் தனித்து இருந்தும், அதன் ஓய்வுறு நேரம், அதாவது நுண்ணலையால் மேலேறிய எலெக்ட்ரான் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், மிகக் குறுகிப்போனதால் கோடு அகன்று அகன்று அடிக்கோட்டிலேயே கரைந்துபோயிருக்கலாம்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, உலர்ந்த தூளில் மறையும் தாமிரத்துக்கு இந்தக் கடைசி வழியையே முன்வைத்தது. அலுமினியம் ஒன்று மட்டும் தனித்திருக்கும் இடத்தில், ஒரு ஹைட்ராக்சைடைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொத்தம் ஒற்றை நேர்மின்சுமையோடு நிற்கும் தாமிரம் அது. அதற்கு ஆற்றலில் மிக நெருங்கிய இரண்டு எலெக்ட்ரான் நிலைகள் இருப்பதால், எலெக்ட்ரான் அவற்றினிடையே தாவித் தாவி ஓய்வுறுதலை விரைவாக்குகிறது என்பது விளக்கம். அதாவது எந்தக் கோட்டையும் அளக்காமல், விடுபட்ட தொகையை வைத்தே ஓர் அயனிக்கு முகவரி தரப்பட்டது. துணிச்சலான வாதம்தான். ஆனால் அலுமினிய விகிதத்தை மாற்றி மாற்றித் தயாரித்த தூள்களில், தனித்த அலுமினியம் கூடும் இடத்தில் மறையும் தாமிரமும் கூடியது அதற்கு வலுச் சேர்த்தது.

வினை நடக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் சுவையாகிறது. குவார்ட்ஸ் குழாயையே சிறு உலையாக்கி, 200 டிகிரி செல்சியஸ் அளவில் நைட்ரிக் ஆக்சைடும் அம்மோனியாவும் கலந்த வாயுவைச் செலுத்திக்கொண்டே நிறமாலையைப் பதிவு செய்யலாம். இங்கே முதலில் ஒரு திருத்தம் தேவை: சூடு ஏறினால் அந்த எட்டின் வேறுபாடும் சுருங்கும். 25 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போனால், ஒரு தாமிரமும் மாறாமலேயே சமிக்ஞை 63 விழுக்காடாகிவிடும். அதைக் கழித்த பிறகும் இரு வாயுக்களும் சேர்ந்து வரும்போது தாமிரம்(2+) சமிக்ஞை சரிவது, அயனி ஒடுக்கமடைந்து தாமிரம்(1+) ஆவதையே காட்டுகிறது. ஆக்சிஜனை விட்டால் அது மீள்கிறது. வினைச்சுழற்சியின் இரண்டு பாதிகளையும் வாயுக் குழாயின் திருகை மாற்றி மாற்றித் தனித்தனியே பார்த்துவிடலாம்.

ஒடுங்கிய தாமிரம் இரண்டு அம்மோனியாவைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, சட்டகத்திலிருந்து கழன்று, அறை விட்டு அறை நகரக்கூடியதாகிறது. அப்படிப்பட்ட இரண்டு ஒரே அறையில் சந்தித்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பகிர்ந்துகொண்டால்தான் குறைந்த வெப்பநிலையில் மறு ஆக்சிஜனேற்றம் நடக்கிறது என்பதை 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு எக்ஸ் கதிர் உறிஞ்சலும் கணினிக் கணக்கீடும் கொண்டு நிறுவியது. தாமிரம் அடர்த்தியாக இல்லாத தூள்களில் ஒரு பகுதித் தாமிரம்(1+) இணை கிடைக்காமல் அப்படியே நின்றுவிடுவது அதற்கு முக்கியச் சான்று. ஈ.பி.ஆர். பார்வையில் இதன் பொருளைக் கவனியுங்கள்: நகரும் ஒற்றைத் தாமிரமும் கண்ணுக்குத் தெரியாது, ஆக்சிஜனைப் பகிர்ந்த இணையும் கண்ணுக்குத் தெரியாது. வினையின் உயிர்நாடியான கட்டம் முழுவதும் இக்கருவிக்கு இருட்டு. அதனால்தான் ஈ.பி.ஆர். தனியே சாட்சி சொல்லாமல், எக்ஸ் கதிர் உறிஞ்சலோடு சேர்த்தே அழைக்கப்படுகிறது. எக்ஸ் கதிர் உறிஞ்சல் மொத்தத் தாமிரத்தின் சராசரியைத் தருகிறது, ஈ.பி.ஆர். தனி எலெக்ட்ரான் உள்ளவற்றை மட்டும் பிரித்து எண்ணித் தருகிறது, இரண்டின் வேறுபாடே இருட்டில் இருப்பதன் அளவு.

வயதாகும் வினையூக்கியை அறிய மறு பக்கத்திலிருந்து, அலுமினியத்தின் பக்கத்திலிருந்து பார்ப்பதும் உண்டு. அங்கே பயன்படுவது அணுக்கருவின் காந்தத்தை நேரே அளக்கும் என்.எம்.ஆர். முறை. தூளைப் புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து நொடிக்குப் பல ஆயிரம் முறை சுழற்றினால், நான்கு ஆக்சிஜனோடு சட்டகத்தில் நிற்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 58 பங்கு அளவில் கோடு தரும். சட்டகத்தை விட்டு வெளியேறி ஆறு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டது பூச்சியத்தை ஒட்டித் தரும். ஆய்வகங்களில் 800 டிகிரி அளவில் நீராவியோடு பல மணி நேரம் வைத்துச் செயற்கையாக முதுமையாக்கிய தூளில் முதல் கோடு மெலிவது, சட்டகம் அலுமினியத்தை இழக்கிறது என்பதன் அடையாளம். ஆனால் தாமிரம் ஏற்றிய தூளில் இந்த வாசிப்பு அவ்வளவு நேரானதன்று. தாமிரத்தின் தனி எலெக்ட்ரான் தனக்கு அருகிலுள்ள அலுமினியத்தின் கோட்டை அகலப்படுத்தி அழித்துவிடும். எனவே மெலிந்த கோட்டைப் பார்த்ததும் சட்டகம் சிதைந்தது என்று முடிவுகட்டினால், தாமிரம் அருகில் வந்து அமர்ந்ததைச் சிதைவென்று எழுதிவிட நேரிடும். முதுமையில் இரண்டுமே நடக்கின்றன: ஹைட்ராக்சைடோடு தனித்திருந்த தாமிரம் இடம்பெயர்ந்து ஆறு உறுப்பு வளையத்தின் உறுதியான இருக்கைக்குப் போகிறது, மிச்சத்தில் ஒரு பகுதி தாமிர ஆக்சைடாகத் திரள்கிறது. என்.எம்.ஆர். மட்டும் இவற்றைப் பிரித்துச் சொல்லாது, ஈ.பி.ஆர். எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்தால்தான் பிரிக்க முடியும்.

தாமிரத்தை விட்டுப் பிற உலோகங்களுக்குப் போனால் கையெழுத்துகள் மாறும், இலக்கணம் மாறாது. வனேடியம்(4+) எட்டுக் கோடுகள் தரும். வினையூக்கியில் பெரும்பாலும் காணப்படும் வனேடியம்(5+) ஈ.பி.ஆருக்குத் தெரியாது, ஆனால் என்.எம்.ஆருக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அங்கே இரு முறைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரும்பு(3+) ஜி 4.3-இல் கூர்மையான கோடு தருவது புகழ்பெற்றது. மூலப்பொருளில் ஒட்டிவந்த மாசு இரும்பும் அதே இடத்தில் அதே கோட்டைத் தரும் என்பதும் மறக்கக் கூடாதது.

மறைந்த தாமிரத்தின் வழக்கு 2014-ஓடு முடிந்துவிடவில்லை. தொடர்ச்சியாக நுண்ணலையைச் செலுத்தும் பழைய முறைக்குப் பதிலாக, சில நானோநொடி நீளமுள்ள துடிப்புகளைச் செலுத்தி எலெக்ட்ரானின் எதிரொலியைக் கேட்கும் முறைகள் வந்துள்ளன. 1986-இல் அறிமுகமான ஹைஸ்கோர் என்னும் நான்கு துடிப்பு முறை அவற்றுள் ஒன்று. அந்த எதிரொலியில் அருகிலுள்ள அணுக்கருக்களின் அதிர்வும் பதிந்திருக்கும். எந்த அணுக்கரு, எவ்வளவு தூரத்தில் என்பதைப் பிரித்தெடுக்கலாம். இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகக் குழு, இயற்கையில் 0.04 விழுக்காடே உள்ள ஆக்சிஜன்-17 ஐசோடோப்பைச் செறிவூட்டிய நீர் வழியே சட்டகத்தில் ஏற்றி, தாமிரம் பற்றியிருக்கும் ஆக்சிஜன்களையே நேரடியாக அளந்து 2021-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே குழு பிற ஆய்வகங்களோடு சேர்ந்து, ஹைட்ராக்சைடின் ஹைட்ரஜன் அணுக்கரு தாமிரத்தின் எலெக்ட்ரானோடு கொள்ளும் பிணைப்பைத் துடிப்பு முறையில் பிடித்து, ஹைட்ராக்சைடு தாங்கிய தாமிரம் ஈ.பி.ஆர். நிறமாலையிலேயே தனக்கென ஒரு கையெழுத்தோடு இருப்பதைக் காட்டி, அதன் அளவையும் மதிப்பிட்டது. காணாமற்போனதாகப் பதிவு செய்யப்பட்ட அயனியின் ஒரு பங்காவது நிறமாலையிலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் பழைய கணக்கில் விடுபட்ட தொகையில் எவ்வளவு ஹைட்ராக்சைடுடைய தாமிரம், எவ்வளவு தாமிரம்(1+), எவ்வளவு இணை சேர்ந்தது என்பதை, உலர்த்தும் வெப்பநிலையும் அப்போது செலுத்தும் வாயுவும் மாறும் ஒவ்வொரு தூளுக்கும் புதிதாகவே எண்ண வேண்டியிருக்கிறது.